நாளுக்கு 28 மணி நேரம் இருந்தால்?

"ஒரு நாளைக்கு 24 மணி நேரம் பத்தவே மாட்டேங்குது" என்று ஒருமுறையாவது சொல்லாதவர்கள் குறைவு. இதற்குக் கணக்கிலேயே ஒரு வழி இருக்கிறது. வாரத்துக்கு 7 நாள், நாளுக்கு 24 மணி. பெருக்கினால் 168 மணி நேரம். அதே 168-ஐ ஆறால் வகுத்தால் 28. அதாவது வாரத்தின் நீளத்தைத் தொடாமலே ஏழு நாளை ஆறாக்கி, ஒவ்வொரு நாளுக்கும் நான்கு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்துவிடலாம். 19 மணி நேரம் விழித்திருக்கலாம், 9 மணி நேரம் நிம்மதியாகத் தூங்கலாம். காகிதத்தில் பார்த்தால் குறையே தெரியாது.

இது வெறும் பேச்சோடு நின்ற யோசனை என்று நினைக்க வேண்டாம். நாளின் நீளத்தைத் தங்கள் உடம்பிலேயே மாற்றிப் பார்த்த விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். வாரத்தின் நீளத்தைச் சட்டம் போட்டு மாற்றிய அரசாங்கங்களும் இருக்கின்றன. அவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும்: நாளும் வாரமும் ஒரே சரக்கு கிடையாது. நாள் வானத்திலிருந்து வந்தது. வாரம் மனிதர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது.

முதலில் நாள்

சூரியன் உச்சிக்கு வந்து, மறுபடி உச்சிக்கு வர ஆகும் நேரம் ஒரு நாள். பூமி சுற்றுவதால் வருவது அது. அதை 24 பங்காக வெட்டியதுதான் மனிதர்களின் வேலை. பகலுக்கு 12, இரவுக்கு 12 என்று பழைய எகிப்தியர்கள் பிரித்ததிலிருந்து வந்த எண் அது. நம் முன்னோர்கள் அதே நாளை 60 நாழிகையாக வெட்டினார்கள். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பத்துப் பத்து நாழிகையாகச் சேர்த்து வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறு சிறுபொழுது வைத்தார்கள்.

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் இன்னொரு விதமாக வெட்டினார்கள். எல்லாவற்றையும் பத்தின் மடங்கில் கொண்டுவர வேண்டும் என்று நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம், நிமிடத்துக்கு 100 வினாடி என்று சட்டம் போட்டார்கள். அவர்களுடைய ஒரு மணி, நம்முடைய 2 மணி 24 நிமிடம். நாழிகையில் சொன்னால் சரியாக ஆறு நாழிகை. இந்தப் பொருத்தத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. ஆனால் அந்த மணிக்கணக்கு மக்களிடம் ஒட்டவில்லை. 1795 ஏப்ரலிலேயே கட்டாயத்தை நிறுத்திவிட்டார்கள். பூசணிக்காயை ஆறாக வெட்டினாலும் பத்தாக வெட்டினாலும் காய் அதே அளவுதான். பெயரும் பங்கும் மாறுமே தவிர நேரம் கூடாது.

காயே பெரிதாக வழி உண்டா? உண்டு, ஆனால் மெதுவாக. நிலாவின் ஈர்ப்பால் கடலில் எழும் ஓதம் பூமிக்குப் பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் நூறு வருடத்துக்குச் சுமார் 2 மில்லி வினாடி வீதம் நாள் நீள்கிறது. ஜான் வெல்ஸ் என்பவர் 1963இல், ஏறத்தாழ 40 கோடி ஆண்டுக்கு முந்தைய பவளப் படிவங்களில் இருந்த நுண்ணிய கோடுகளை எண்ணிப் பார்த்தார். ஒரு வருட வளர்ச்சிக்குள் சுமார் 400 நாள் கோடுகள் இருந்தன. வருடத்தின் நீளம் மாறவில்லை என்பதால், அன்றைக்கு ஒரு நாள் இப்போதையதை விடக் குட்டி, ஏறத்தாழ 22 மணி நேரம் என்று ஆகிறது. இப்போதைய வேகத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டுமென்றால் சுமார் 20 கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

சரி, வானத்தை விட்டுவிடுவோம். விளக்குப் போட்டு, ஜன்னலை மூடி, நாமாக 28 மணி நேர நாளை உண்டாக்கிக்கொண்டால்?

இதைத்தான் 1938இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் மாமத் குகையில் செய்து பார்த்தார்கள். தூக்கத்தை ஆராய்வதற்கென்றே வாழ்க்கையைக் கொடுத்த நதானியேல் கிளைட்மனும், அவருடைய மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனும் குகைக்குள் இறங்கி 32 நாள் தங்கினார்கள். சூரிய வெளிச்சம் அங்கே துளியும் வராது. வெப்பநிலை எந்நேரமும் 12 டிகிரி செல்சியஸ் அளவில்தான். எலியும் பூச்சியும் ஏறாமல் இருக்கக் கட்டில் கால்களைத் தகர டப்பாக்களில் இறக்கி வைத்திருந்தார்கள், நம் வீட்டில் எறும்புக்காக அலமாரிக் காலுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பது போல. 19 மணி நேரம் விழிப்பு, 9 மணி நேரம் படுக்கை. இதுதான் அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட நாள்.

உடம்பு இதற்குப் பழகியதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் உடல் வெப்பம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. விடியற்காலையில் தாழ்ந்து, சாயங்காலத்தில் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தை அளந்துகொண்டே வந்தார்கள். இருபதுகளில் இருந்த ரிச்சர்ட்சனின் உடம்பு ஒரு வாரத்துக்குள் 28 மணி நேரச் சுற்றுக்கு வந்துவிட்டது. நாற்பதைக் கடந்த கிளைட்மனின் உடம்பு வரவே இல்லை. குகைக்குள் ஒரு மாதம் கழித்த பிறகும் அது வெளியுலகத்தின் 24 மணி நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. அவர் படுக்கப் போகும் நேரத்தில் உடம்பு விழிக்கும், வேலை செய்ய உட்காரும் நேரத்தில் உடம்பு தூக்கம் கேட்கும்.

வெறும் இரண்டு பேரை வைத்து முடிவு சொல்ல முடியாதுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்த ஆராய்ச்சிகள் கிளைட்மனின் உடம்பு பக்கமே நின்றன. மூளையின் அடிப்பகுதியில், அரிசி மணி அளவுகூட இல்லாத ஓர் இடத்தில் சுமார் 20,000 நரம்பு செல்கள் சேர்ந்து ஒரு கடிகாரமாக வேலை செய்கின்றன. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது உடல் வெப்பம் ஏற வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முறைப்படுத்துகிறது. மனிதர்களைத் தனி அறையில் விட்டால் இந்தக் கடிகாரம் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சோதனைகளில் ஒரு ஓட்டை இருந்தது. அறையில் இருப்பவர் தூங்கும்வரை விளக்கை எரியவிட்டதால், அந்த வெளிச்சமே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. பாஸ்டனில் சார்லஸ் செய்ஸ்லர் குழு விளக்கை மிக மங்கலாக வைத்து, ஆட்களை 28 மணி நேர நாளில் வாழவைத்து அளந்தது. 1999இல் வெளியான முடிவு: உள்கடிகாரம் சராசரியாக 24 மணி 11 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. இளைஞர், முதியவர் என்ற வித்தியாசமும் பெரிதாக இல்லை. தினமும் காலை வெளிச்சம் கண்ணில் படும்போது அந்த 11 நிமிடம் சரிசெய்யப்படுகிறது. ஒரு மணி நேரத்துக்குள்ளான வித்தியாசம் என்றால் வெளிச்சத்தை வைத்து இழுத்துப் பிடித்துவிடலாம். நாலு மணி நேரம் என்றால் அதன் கைக்கு எட்டாது.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால், 28 மணி நேர நாளில் ஒரு வாரம் வாழ்ந்து பார்ப்போம். திங்கட்கிழமை காலை 6 மணிக்கு எழுகிறீர்கள். அடுத்து எழுவது செவ்வாய் காலை 10 மணிக்கு. அப்புறம் புதன் மதியம் 2, வியாழன் மாலை 6, வெள்ளி இரவு 10. அதற்கடுத்த விழிப்பு சனி இரவு கழிந்து ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு. பிறகு திங்கள் காலை 6. வெள்ளிக்கிழமை மதியம் 1 மணிக்கு, ஊரே சாப்பிட உட்காரும் நேரத்தில், நீங்கள் தூங்கப் போக வேண்டும்.

இதைப் படிக்கும்போது என் அப்பா ஞாபகம் வராமல் இருக்காது. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் சைடராக இருந்தவர் அவர். ஓடும் மெஷினுக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்டும் வேலை. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு ஒன்றாக மாறி மாறி வரும். முழு நைட் வாரத்தில் காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து படுப்பார். ஜன்னலில் அம்மா கருப்புக் கம்பளியைத் தொங்கவிடுவார். விசில் சத்தத்தில் எழுந்துவிடுவார் என்று அந்த வாரம் முழுக்கக் குக்கர் வைக்க மாட்டார், சோறு வடிப்பதுதான். அவ்வளவு பார்த்துக்கொண்டும் மதியம் ஒரு மணிக்கெல்லாம் அப்பா எழுந்து, கண் எரிச்சலோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மூன்று ஷிப்டும் மூன்று வாரத்தில் சுற்றி வந்ததற்கே இந்தப் பாடு. 28 மணி நேர நாள் என்பது அந்த மூன்று ஷிப்டையும் ஒரே வாரத்துக்குள் சுற்றி வருவது. அதனால் இந்த யோசனையை யாராவது உற்சாகமாகச் சொல்லும்போது என்னால் கூடச் சேர்ந்துகொள்ள முடிவதில்லை.

நாளைச் சுருக்கியும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் பல பத்தாண்டுகள் 18 மணி நேர நாள்தான். 6 மணி நேரம் காவல், 12 மணி நேரம் மற்ற வேலை, ஓய்வு, தூக்கம். கடலுக்கடியில் சூரியன் தெரியாது, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைத்திருக்கலாம். ஆனால் சூரியன் இல்லாவிட்டாலும் மூளைக்குள் கடிகாரம் இருக்கிறதே. கடைசியில் 2014 வாக்கில் 24 மணி நேர முறைக்குத் திரும்பத் தொடங்கினார்கள்.

அப்புறம் வாரம்

வாரம் வேறு கதை. ஏழு நாளுக்கு ஒருமுறை வானத்தில் எதுவும் நடப்பதில்லை. பாபிலோனியர்களும் யூதர்களும் வளர்த்த ஏழு, கண்ணுக்குத் தெரிந்த ஏழு கோள்களின் பெயரோடு சேர்ந்து உலகம் முழுக்கப் பரவியது. சூரியனையும் சந்திரனையும் சேர்த்துத்தான் அந்த ஏழு. ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று நாம் இன்றும் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறோம். ஏழில்லாத வாரங்களும் உண்டு. நைஜீரியாவின் இக்போ மக்களுக்குச் சந்தை நாளை வைத்து நான்கு நாள் வாரம். ஜாவாவில் ஐந்து நாள் சந்தைச் சுற்று. பழைய ரோமில் எட்டு நாளுக்கு ஒரு சந்தை. உடம்புக்கு இதில் பெரிய ஆட்சேபணை இல்லை. அப்படியென்றால் வாரத்தைத் தாராளமாக மாற்றலாமே?

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் கடிகாரத்தோடு சேர்த்து வாரத்தையும் மாற்றினார்கள். 10 நாளுக்கு ஒரு வாரம், பத்தாம் நாள் ஓய்வு. வருடத்துக்கு 52 ஓய்வு நாள் இருந்த இடத்தில் 36 ஆனது. உழைக்கிற மக்களுக்கு இது பிடிக்காததில் ஆச்சரியமில்லை. கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமையைக் கைவிடவே இல்லை. 1802இல் ஞாயிறு ஓய்வு திரும்பியது, 1806 ஜனவரி 1ஆம் தேதி நெப்போலியன் அந்த நாட்காட்டியையே முடித்துவைத்தார்.

ஓய்வு குறைந்ததால்தான் தோற்றது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த கதை அப்படி எடுத்துக்கொள்ள விடவில்லை. சோவியத் ஒன்றியத்தில் 1929இல் ஓய்வைக் கூட்டினார்கள். அதுவும் தோற்றது.

அங்கே நடந்தது இதுதான். தொழிற்சாலை ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்று யூரி லாரின் என்பவர் யோசனை சொன்னார், அரசு ஏற்றுக்கொண்டது. வாரம் ஐந்து நாளானது. தொழிலாளர்களை மஞ்சள், இளஞ்சிவப்பு, சிவப்பு, ஊதா, பச்சை என்று ஐந்து நிறப் பிரிவாகப் பிரித்தார்கள். நான்கு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓய்வு நாள் வேறு. எந்த நாளைப் பார்த்தாலும் ஐந்தில் நான்கு பேர் வேலையில் இருப்பார்கள். வருடத்துக்கு ஓய்வு 72 நாள், முன்பைவிட இருபது நாள் அதிகம். ஞாயிறு என்று பொதுவாக ஒரு நாள் இல்லாமல் போனால் கோயிலுக்குப் போகும் பழக்கமும் தேயும் என்பது அரசின் இன்னொரு கணக்கு.

கணவர் மஞ்சள், மனைவி பச்சை என்றால்? கணவருக்கு ஓய்வு வரும் நாளில் மனைவி தொழிற்சாலையில் இருப்பார், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், நண்பர்கள் அவரவர் வேலையில். வெறும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது என்று தொழிலாளர்கள் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார்கள். தொழிற்சாலையிலும் நினைத்தது நடக்கவில்லை. நிறுத்தாமல் ஓட்டிய மெஷின்களைப் பழுதுபார்க்க நேரமில்லை. ஒரே மெஷினுக்குப் பல கைகள் மாறி மாறி வந்ததால் பழுதுக்கு யாரும் பொறுப்பில்லை. 1931 டிசம்பரில் எல்லோருக்கும் ஒரே ஓய்வு நாள் உள்ள ஆறு நாள் வாரமாக மாற்றினார்கள். மாதத்தின் 6, 12, 18, 24, 30ஆம் தேதிகளில் விடுமுறை. கிராமங்கள் அப்போதும் ஏழு நாளிலேயே இருந்தன. 1940 ஜூனில் அரசும் ஏழுக்கே திரும்பியது.

எங்கள் வீட்டில் இதன் சின்ன வடிவம் நடந்தது. அப்பாவுக்கு வார லீவு புதன்கிழமை. அம்மா தையல் கம்பெனியில் இருந்தார், அவருக்கு ஞாயிறு. ஏழில் ஒரு நாள் ஓய்வு இரண்டு பேருக்குமே இருந்தது, சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா தனியாக உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார். உறவில் கல்யாணம் என்றால் ஞாயிற்றுக்கிழமை வைப்பார்கள். அம்மாவும் நாங்களும் போவோம், அப்பா வேலைக்குப் போவார். வாரத்தின் நீளத்தைவிட அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிறதா என்பதுதான் முக்கியம் என்று நான் நினைப்பதற்குப் புத்தகத்தில் படித்தது மட்டும் காரணமில்லை.

தமிழர்களும் வாழ்ந்து பார்த்த ஒரு மாற்றம் இலங்கையில் நடந்தது. 1966 முதல் அங்கே ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, போயா நாட்களை வார விடுமுறை ஆக்கினார்கள். பௌர்ணமி, அமாவாசை, இரண்டுக்கும் இடையில் வரும் பாதி நிலா நாட்கள் என்று மாதத்துக்கு நான்கு. போயாவுக்கு முந்தைய நாள் அரை நாள் விடுமுறை. நிலாவின் ஒரு சுற்றுக்கு 29 நாளும் பன்னிரண்டு மணிச் சொச்சமும் ஆகும். நான்கால் வகுத்தால் ஏழுக்கும் கொஞ்சம் மேலே வரும். அதனால் சில வாரங்கள் எட்டு நாளாக நீண்டன. இந்த வாரம் செவ்வாய் விடுமுறை என்றால் சில வாரம் கழித்து அது வியாழனாக இருக்கும். பௌத்தர்களுக்குப் புனித நாள் விடுமுறையானது, கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலைநாளானது. கொழும்பு வேலை செய்யும் நாளில் வெளிநாடு மூடியிருக்கும், வெளிநாடு திறந்திருக்கும் நாளில் கொழும்பு மூடியிருக்கும், வியாபாரம் தடுமாறியது. 1971இல் ஞாயிறு திரும்ப வந்தது. பௌர்ணமிப் போயா மட்டும் இன்றுவரை அங்கே பொது விடுமுறையாகத் தொடர்கிறது.

நீளத்தை விட்டுவிட்டு

நாளும் வாரமும் இருந்தபடியே இருக்கட்டும், அதற்குள் வேலை எவ்வளவு என்பதை மாற்றலாமே என்பதுதான் இப்போது உலகம் முழுக்கப் பேசப்படும் நான்கு நாள் வேலை வாரம். இதில் ஆரம்பத்திலேயே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் உலவுகின்றன.

ஒன்று, வேலை நேரத்தைக் குறைக்காமல் அமுக்குவது. 48 மணி நேரத்தை ஆறு எட்டாகச் செய்வதற்குப் பதில் நான்கு பன்னிரண்டாகச் செய்வது. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகளுக்கான சட்டத் திருத்தம் நிறைவேறியபோது எழுந்த சர்ச்சை இதுதான். நான்கு நாள் வேலை பார்த்தால் மூன்று நாள் விடுமுறை கிடைக்குமே என்று விளக்கம் சொல்லப்பட்டது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் ஒப்புக்கொள்ளவில்லை. மே 1ஆம் தேதி, முதலமைச்சர் ஸ்டாலின் திருத்தத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது 1923இல். அன்றைக்குச் சரியாக நூறு வருடம் நிறைந்திருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்பவரின் கால், மூன்று நாள் லீவு வரப் போகிறது என்று வலியைத் தள்ளிப்போடாது. பதினோராவது மணி நேரத்தில் மெஷினில் கை மாட்டினால் அந்த லீவு எதற்கும் ஆகாது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, சம்பளத்தைக் குறைக்காமல் வேலை நேரத்தை உண்மையிலேயே குறைப்பது. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை சுமார் 2,500 பேர் வாரத்துக்கு 40 மணி நேரத்திலிருந்து 35, 36 மணி நேரத்துக்கு வந்தார்கள். பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் செய்து பார்த்து, அவற்றில் 56 அதையே தொடர முடிவு செய்தன. நல்ல செய்திதான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை அலுவலக வேலைகள் அல்லது சேவைப் பணிகள். கூட்டங்களைக் குறைத்தால் அலுவலகத்தில் நேரம் மிச்சமாகும். ரிங் பிரேமின் கதிர் அதன் வேகத்தில்தான் சுற்றும், அங்கே மிச்சம் பிடிக்கக் கூட்டம் எதுவும் இல்லை.

அங்கேயும் வழி இல்லாமல் இல்லை. 1930 டிசம்பரில், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில், அமெரிக்காவின் பேட்டில் கிரீக் ஊரில் கெல்லாக் உணவுத் தொழிற்சாலை எட்டு மணி நேர ஷிப்ட் மூன்றை ஆறு மணி நேர ஷிப்ட் நான்காக மாற்றியது. மெஷின் 24 மணி நேரமும் ஓடியது, கூடுதலாக ஆட்களுக்கு வேலை கிடைத்தது, மணிக்கூலி உயர்த்தப்பட்டது. ஒரு பகுதித் தொழிலாளர்கள், அதிலும் பெண்கள், அந்த ஆறு மணி நேர ஷிப்டை விடாமல் 1985 வரை வைத்திருந்தார்கள். 24-ஐ நான்கால் வகுத்தாலும் மீதி வராது என்று நினைத்துப் பார்க்க ஒரு ஆலையும் அதற்கான செலவை ஏற்கும் மனமும் வேண்டியிருந்தது. நாளின் நீளத்தில் கை வைக்கத் தேவைப்படவில்லை.

அப்பா வேலை பார்த்த மில் வருடத்தில் ஒரு நாள் முழுசாக நிற்கும், ஆயுத பூஜையன்று. முதல் நாளே மெஷினில் ஒட்டிய பஞ்சை ஊதித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். நான் ஐந்தாவது படித்த வருடம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய், "இதுதான் என் மெஷின்" என்று காட்டினார். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் அவரவர் பிள்ளைகளுக்கு அதே மெஷினைக் காட்டி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்ற இரண்டு ஷிப்டுக்காரர்கள். மூன்று பேரும் பொரி கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்று பேசினார்கள். மெஷின் சத்தம் இல்லாததால் யாரும் கத்திப் பேச வேண்டியிருக்கவில்லை.